சேசான் வீட்டு மருமகன்

பேரனுக்குப் பால் மறக்கடித்த விருந்தைப் பெலத்தியா மழைக்காலத்திலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதலில் ஆடுகள் குட்டி போடட்டும் என்றார். பிறகு வாற்கோதுமை அறுப்பு முடியட்டும் என்றார். அதுவும் முடிந்து, கோதுமையும் களத்துக்கு வந்துவிட்ட பிறகு வேறு சாக்குக் கிடைக்காமல் முழங்கால் வலியைச் சொன்னார்.

அவர் மனைவி செலோமித் அடுப்பில் ரொட்டியைத் தட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள்.

“விருந்துல நீங்க என்ன ஆடவா போறீங்க? உக்காந்து பேர் சொல்லத்தானே போறீங்க. பையன் ஆட்டெலும்பக் கடிச்சு உறிஞ்சறான். இன்னும் பால்குடிப் பிள்ளைன்னு சொன்னா தெக்கோவா முழுக்கச் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்.”

“சிரிச்சாப் பரவாயில்லையே. ‘பேரன் பேரச் சொல்லப் பெலத்தியாவுக்கு வாய் வரல’ன்னு கிணத்தடியில பேசறாங்க. அதுக்கென்ன சொல்றீங்க?”

கிணற்றடியில் பேசுவது உண்மைதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பால் மறந்ததும் உறவையும் ஊரையும் அழைத்து விருந்து வைப்பார்கள். வீட்டின் மூத்தவர் பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, கோத்திரத் தகப்பன் யூதாவிலிருந்து தொடங்கி முன்னோர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் “அவன் பேர் நிலைக்கட்டும்” என்னும். கடைசியில் மடியிலிருக்கும் பிள்ளையின் பெயர் வரும். அதற்கும் ஊர் அப்படியே சொல்லிவிட்டால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. நிலத்திலும் கிணற்றிலும் அவனுக்குப் பங்கு உண்டு. பெயர் சொல்லப்படாத பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம் இல்லை.

பெலத்தியாவின் ஒரே மகன் அனாயா, எப்ரோனுக்குக் கம்பளி விற்கப் போன இடத்தில் திம்னாள் என்ற பெண்ணைக் கண்டு மணமுடித்து அழைத்து வந்தான். எப்ரோனில் அப்போது ஏதோமியர்தாம் குடியிருந்தார்கள். திம்னாளும் ஏதோமியப் பெண்தான். அன்றைக்கு யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பிறந்த மாதத்தில் காட்டாற்று வெள்ளத்தில் அகப்பட்ட ஆடொன்றைப் பிடிக்க இறங்கிய அனாயா திரும்பி வரவில்லை. ஆடு மட்டும் வந்தது.

போன குளிர்காலத்தில்தான் எருசலேமிலிருந்து கட்டளை வந்தது. அந்நிய தேசத்துப் பெண்களை மணந்தவர்கள் அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும். கீழ்ப்படியாத வீட்டின் சொத்து பறிபோகும்; வீட்டார் சபையிலிருந்து தள்ளப்படுவார்கள். அதை விசாரிக்க விசாரணைக்காரர்களும் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். தெக்கோவாவில் சிலர் கீழ்ப்படிந்தார்கள். மூட்டையும் பிள்ளையுமாகப் பெண்கள் தெற்கே இறங்கிப் போனதைப் பெலத்தியா தம் களத்திலிருந்து பார்த்தார். அவர் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அனுப்ப வேண்டிய கணவன்தான் உயிரோடு இல்லையே. கைம்பெண்ணும் பிள்ளையும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் கண்ணை மூடிக்கொண்டது. பெயர் சொல்லும் விருந்தை வைத்துவிட்டால் அப்படி மூடிக்கொண்டிருக்க முடியாது.

தம்பி மெசுல்லாம் ஒருநாள் களத்துக்கே வந்துவிட்டான். பெலத்தியா கோதுமை தூற்றிக்கொண்டிருந்தார். காற்று நன்றாக இருந்தது. மெசுல்லாம் பதர் மேலே விழாத பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

“அண்ணே, பையன் மேல எனக்கென்ன கோபம்? என் தோள்ல ஏறித்தான் திரியறான். நேத்து என் தாடியில பேன் பாக்கறேன்னு உக்காந்துட்டான்.”

“இருந்துச்சா?”

“விளையாடாதீங்க. நீங்க இந்தக் களத்த விட்டு நகர மாட்டீங்க. நான் எருசலேமுக்குப் போறேன், வரேன். அங்க நம்மள எப்படிப் பேசறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ‘தெற்கத்திக்காரன், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போகாம இங்கயே பதுங்கிக் கிடந்தவன், யார் யாரோட கலந்தானோ’ன்னு காதுபடவே சொல்றாங்க. நம்ம கையில இருக்கறது பேர் ஒண்ணுதான். யூதாவிலேர்ந்து அறுபடாம வர்ற சுத்தமான பேர். அதோட கடைசியில ஏதோமியப் பிள்ளையக் கொண்டாந்து வச்சா, எனக்கும் சேத்துத்தானே போகும்? என் பிள்ளைங்களுக்கும் சேத்துத்தானே?”

பெலத்தியா தூற்றுக் கட்டையை ஊன்றி நின்று தம்பியைப் பார்த்தார். ‘சுத்தமான’ என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் மெசுல்லாம் முகத்தைத் திருப்பி, சட்டைக் கையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டத் தொடங்கினான்.

“என்ன செய்யச் சொல்ற?”

“விசாரணைக்காரர் அக்கூப் ஓய்வுநாள் கழிச்சு பெத்லகேம்லேர்ந்து இங்க வர்றார். விருந்த அன்னிக்கே வைங்க. அவர் முன்னாலயே ஆகட்டும். பேர் சொல்றப்போ அனாயாவோட நிறுத்திருங்க. எல்லாரும் வாழ்த்துவாங்க, அப்புறம் சாப்பாடு. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. நானே என் கழுதையில ஏத்தி அவ அப்பா வீட்டுல விட்டுட்டு வரேன். கோதுமை, எண்ணெய் எல்லாம் கட்டிக் குடுப்போம். வெறுங்கையோடயா அனுப்பப் போறோம்?”

“பிள்ளையையும் ஏத்திட்டா?”

“பிள்ளையையும்தான். அண்ணே, எனக்கும் கல்லு நெஞ்சு இல்ல.”

அது பொய்யில்லை. அனாயாவுக்கு வாரிசு இல்லையென்று ஆகிவிட்டால் பெலத்தியாவின் நிலம் மெசுல்லாமிடம் போகும். அதை இருவருமே வாயெடுத்துச் சொல்லவில்லை. மெசுல்லாம் நிலத்துக்காக அலைகிறவன் அல்ல. தானாக வருகிற நிலத்தை வேண்டாம் என்கிறவனும் அல்ல.

அவன் போன பிறகு பெலத்தியாவுக்கு வேலை ஓடவில்லை. அந்தச் ‘சுத்தமான பேர்’ உள்ளே முள்ளாய்த் தைத்தது. அது சுத்தமான பேர் அல்ல, சுத்தமாக்கின பேர் என்பது அவருக்கும் தம்பிக்கும் தெரியும்.

அவர்களுடைய முன்னோர்களில் சேசான் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு மகன்கள் இல்லை, மகள்கள்தாம். அவர் வீட்டில் யர்கா என்ற எகிப்திய அடிமை ஒருவன் இருந்தான். சேசான் தம் மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தார். அவர்களுக்குப் பிறந்த அத்தாயியிடமிருந்துதான் மெசுல்லாமும் பெலத்தியாவும், தெக்கோவாவில் பாதிப் பேரும் வந்தார்கள். யர்கா சண்டையில் ஜெயித்தான் என்றோ கிணறு வெட்டினான் என்றோ ஒரு கதையும் கிடையாது. பெயர் மட்டும் வந்தது. பழைய பெரியவர்கள் அதைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். கூட்டமும் மற்றப் பெயர்களுக்குச் சொன்னது போலவே இதற்கும் வாழ்த்துச் சொன்னது.

பெலத்தியாவும் மெசுல்லாமும் சிறுவர்களாக இருந்தபோது பாபிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் குடியேறின. அவர்கள் தங்கள் வம்சத்தைச் சொல்லும் விதமே வேறு. ஒவ்வொரு பெயரையும் பொன்னை உரைப்பது போல உரைத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் வந்திருந்த ஒரு விருந்தில் பெலத்தியாவின் தகப்பனார் சேசான் வரைக்கும் வந்து, விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்து, “சேசான் அத்தாயியைப் பெற்றான்” என்று சொல்லித் தாண்டிவிட்டார். இரண்டு சிறுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தகப்பனார் அவர்களிடம், “அடிமைதானேடா. ஒருத்தன் இல்லாட்டி ஒண்ணும் அறுந்துறாது” என்றார். அன்றிலிருந்து அப்படியே ஆயிற்று. அனாயாவை மடியில் வைத்துக்கொண்டபோது பெலத்தியாவும் அப்படித்தான் சொன்னார். சேசானிலிருந்து அத்தாயிக்கு அவருடைய நாக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

களத்துக் கோதுமையை மூடிவிட்டு, ஏழைகள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று அறுக்காமல் விட்டிருந்த வயல் மூலையில் நின்று அவர் ஜெபித்தார். பதில் ஏதும் வரவில்லை. வரும் என்று அவர் நினைக்கவும் இல்லை. கர்த்தர் தம்மைப் போன்றவர்களிடம் பேசமாட்டார், செய்ய வேண்டியதைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்துவார் என்பதுதான் அவருடைய எண்ணம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மெசுல்லாமின் வாசலிலிருந்து திம்னாள் வெளியே வருவதைப் பார்த்தார். முக்காட்டில், புருவத்தில் எல்லாம் மாவு. பேரன் சக்காய் அவள் பின்னால் ஒரு குச்சியை இழுத்துக்கொண்டு வந்தான்.

“எங்கம்மா போய்ட்டு வர்ற?”

“சின்னத்தைக்கு மாவரைச்சுக் குடுத்துட்டு வரேன், மாமா. அவங்க கை இன்னும் திரிகையப் புடிக்க மாட்டேங்குது.”

ஒலிவம் பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவள் மெசுல்லாமின் மனைவி ஓக்லாள். அன்றிலிருந்து தினமும் திம்னாள் போய் அவர்கள் வீட்டு மாவை அரைத்து வைத்துவிட்டு வருகிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. யாரும் அவளைத் தடுக்கவும் இல்லை.

“மெசுல்லாம் என்ன பேசிட்டுத் திரியறான்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். அதுக்கும் மாவுக்கும் என்ன மாமா?”

பெலத்தியா நின்றுவிட்டார். அவளும் நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நான் மட்டும் போய்ட்டா இவன வச்சுக்குவாங்களா?”

“மாட்டாங்கம்மா. ரெண்டு பேரையும்னுதான் கட்டளை.”

“அப்போ சரி. இவன விட்டுட்டுப் போக என்னால முடியுமான்னு ராவெல்லாம் யோசிச்சேன். அந்தக் கஷ்டம் இல்ல.” முகத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். “போகணும்னா முன்னாலயே சொல்லிருங்க, மாமா. அவனுக்கு இங்க இருக்கற நாயைத்தான் பிரிய முடியாது. கொஞ்சங்கொஞ்சமாச் சொல்லணும்.”

அன்றைக்குப் பெலத்தியா செலோமித்திடம், ஓய்வுநாள் கழித்து விருந்து என்று சொன்னார். என்ன செய்யப்போகிறார் என்று அவள் கேட்கவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்றா இரண்டா என்று மட்டும் கேட்டாள்.

விருந்தன்று முற்றம் நிறைந்துவிட்டது. ஆண்கள் அத்திமரத்து நிழலில் பாய்களில் உட்கார்ந்தார்கள். பெண்கள் அடுப்புப் பக்கம். ஆட்டுக்கறியும் பயற்றங்கூழும் மணத்துக்கொண்டிருந்தன. விசாரணைக்காரர் அக்கூப் மெலிந்த மனிதர். ஊர் ஊராக நடந்து குதிகால் வெடித்திருந்தது. செலோமித் கொண்டுவந்த தண்ணீரில் கால்களை வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கப் பயமாக இல்லை. தூக்கம் போதாத ஆள் மாதிரிதான் இருந்தார். மெசுல்லாம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான்.

பெலத்தியா சக்காயை மடியில் உட்கார வைத்துத் தொடங்கினார்.

“யூதா.”

“அவன் பேர் நிலைக்கட்டும்!”

“யூதா பேரேஸைப் பெற்றான்.”

“அவன் பேர் நிலைக்கட்டும்!”

எஸ்ரோன், யெர்மெயேல், ஓனாம் என்று பெயர்கள் இறங்கி வந்தன. கூட்டத்தின் குரல் ஒவ்வொன்றுக்கும் எழுந்து அடங்கியது. பையனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவனும் கையைத் தட்டினான். சம்மாய், நாதாப், அப்பாயிம், இஷி. பிறகு சேசான்.

பெலத்தியாவின் நாக்கு தானாக அத்தாயிக்குப் போகப் பார்த்தது. அவர் அதை நிறுத்தினார். மூச்சை இழுத்து விட்டார்.

“சேசானுக்கு மகன்கள் இல்லை. அவர் தம் மகளைத் தம் வீட்டு அடிமையான எகிப்தியனுக்குக் கொடுத்தார். அவன் பெயர் யர்கா. யர்கா அத்தாயியைப் பெற்றான்.”

யாரும் வாழ்த்தவில்லை. அடுப்பில் கொழுப்பு பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

குயவன் தல்மோன்தான் முதலில் வாயைத் திறந்தான். “இந்த எகிப்தியன் எப்போ வந்தாரு? போன விருந்துல ஆளக் காணோமே!”

பின்வரிசையில் சிரித்தார்கள். “நீ பானை செய்யற மாதிரி பெலத்தியா ஒரு தாத்தாவச் செஞ்சுட்டாருப்பா,” என்றான் ஒருவன். “மருமகள வீட்டோட நிறுத்திக்கணும்ல.”

“களிமண்ணு நல்லாப் பிசையலையே. எகிப்தியன், அதுலயும் அடிமை. செய்யறதுதான் செய்யறாரு, ஒரு ராஜாவாச் செஞ்சிருக்கலாம்!” என்றான் தல்மோன்.

அக்கூப் கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

“பெலத்தியா, இந்தப் பேர இதுக்கு முன்னால இங்க யாரும் கேட்டதில்லைன்னு தோணுது.”

“கேட்டவங்க செத்துப்போய்ட்டாங்க, ஐயா. என் அப்பா விட்டுட்டார். நானும் விட்டேன்.”

“ஏன்?”

“வெக்கமா இருந்துச்சு.”

“இப்போ இல்லையா?”

“இப்பவும் இருக்கு. ஆனா அந்தப் பேர முழுங்கிட்டு இந்தப் பிள்ளைய வெளிய தள்ளச் சொன்னா என்னால ஆகாது. சேசான் அன்னிக்கு அடிமையோட பிள்ளைய வேணாம்னு தள்ளியிருந்தா நான் ஏது, இந்த முற்றத்துல பாதிப் பேர் ஏது?”

“பேச்சு நல்லாத்தான் இருக்கு,” என்றார் அக்கூப். “ஆனா ஒருத்தன் வாயால மட்டும் எதுவும் நிலைக்காது. இன்னொரு சாட்சி வேணும். மருமகளுக்காகச் சொன்னதா, உள்ளதத்தான் சொன்னதான்னு நான் எதை வச்சுத் தீர்க்கறது?” அவர் பக்கத்தில் திரும்பினார். “மெசுல்லாம், நீ கூடப் பிறந்தவன். உனக்குத் தெரியுமா?”

மெசுல்லாமின் கையிலிருந்த விசிறி நின்றுபோயிருந்தது. அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிலம் வரும். எருசலேமில் நகர வாசலண்டை வழக்குக் கேட்கும் மூப்பர்களோடு உட்காரும் இடம், இரண்டு வருஷமாக அவன் நடையாய் நடந்து தேடிய இடம், அதுவும் வரும். பெலத்தியாவுக்கு அது அவ்வளவும் தெரிந்தது. தம்பியை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போல ஆகும் என்று பையனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு,” என்று தொடங்கி மெசுல்லாம் தொண்டையைச் செருமினான். “அதெல்லாம் சின்ன வயசுல...”

“சொல்லுங்களேன்!” என்றது அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஓக்லாள் கோணலாய்ப் பொருந்திய கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்து நின்றாள். “தொண்டையில என்ன எலும்பா மாட்டிருக்கு?”

“நீ சும்மா இரு.”

“இருந்துட்டேன், இத்தன வருஷமா. என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு உங்க அம்மா என் கையத் திரிகைமேல வச்சு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இந்த வீடு ஒரு எகிப்திய அடிமையால நின்ன வீடு. அவர் பேரு யர்கா. வாசல்ல வந்து நிக்கிறவன அதட்டாதே’ன்னு சொன்னாங்க. அக்காவுக்கும் அதையேதான் சொன்னாங்க. கேட்டுப் பாருங்க.”

செலோமித் கரண்டியை வைத்துவிட்டுத் தலையசைத்தாள். “சொன்னாங்க. நானும் திம்னாளுக்குச் சொன்னேன்.”

பெலத்தியா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு காலம் பக்கத்தில் படுத்தெழுந்தவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்றாள் அவள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. தல்மோனின் தாய், பல்லில்லாத கிழவி, “சேசான் மக பேரு அக்லாய். அதையும் சேத்துச் சொல்லுங்கப்பா, அவ பெறாமயா பிள்ள வந்துச்சு?” என்று கத்தினாள். தல்மோன் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கூப் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “பொம்பளைங்க பேசறது சபையில சாட்சியா நிக்காதும்மா. நீங்க சொல்றது நிஜம்னு எனக்கே தோணுது, ஆனா நிக்காது.”

“எனக்குத் தெரியும் ஐயா அது. நான் உங்களுக்குச் சொல்லல. இவருக்குச் சொன்னேன்.” ஓக்லாள் கணவனைப் பார்த்தாள். அவளுடைய குரல் தணிந்தது. “ஒலிவம் பறிச்ச நாளிலேர்ந்து யார் அரைச்ச மாவுல ரொட்டி தின்றோம்? அந்தப் பொண்ணுக்கு யர்கா கதை தெரியும். தன்னைக் காப்பாத்திக்கறதுக்காகக்கூட அவ அத வெளிய எடுக்கல. உங்க மானம் போயிரக் கூடாதுன்னு வாய மூடிட்டு நம்ம மாவ அரைச்சா. நீங்க சொல்ல வேணாம்னா வேணாம். ஆனா நாளையிலேர்ந்து மாவு நீங்க அரைங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மெசுல்லாம் விசிறியைப் பாயில் வைத்தான்.

“தெரியும்,” என்றான். “எனக்குத் தெரியும், ஐயா. அண்ணன் சொன்னது சரி. அப்பா அந்தப் பேர விட்ட அன்னிக்கு நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். இன்னிக்கும் விட்றலாம்னுதான் நெனச்சேன்.”

அக்கூப் கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

“சரி. நான் சொல்றத ரெண்டு தரப்பும் கேளுங்க. இது கறைன்னா, இந்த வீட்டுக்கு மட்டும் இல்ல, ஊர்க்கோடி ஊத்து வரைக்கும் இருக்கற உங்க எல்லா வீட்டுக்கும் கறை. அத்தன வீட்டுக்கும் ஏறி இறங்க எனக்குக் கால் இல்ல. புருஷன்மாருக்குத்தான் கட்டளை வந்துச்சு. இங்க புருஷன் இல்ல, கைம்பெண்ணும் தகப்பனில்லாத பிள்ளையும்தான் இருக்காங்க. அவங்கள ஒடுக்காதேன்னு நியாயப்பிரமாணம் சொல்லுது, அது உங்களுக்கே தெரியும். ஏதோமியனையும் எகிப்தியனையும் வெறுக்காதேன்னும் அதுலயே இருக்கு. அவங்க வழியில மூணாவது தலைமுறை சபைக்கு வரலாம்னும் இருக்கு. அதனால இந்தப் பையன் வீட்டுப் பிள்ளை. நிலம் அவனுக்கு உண்டு. சபையில அவன் நிக்க முடியாது, அவன் பிள்ளைங்க நிப்பாங்க. அதுக்கு மேல என்னால முடியாது.”

“அது போதும், ஐயா,” என்றார் பெலத்தியா.

“உனக்குப் போதும். மெசுல்லாம், நான் இத எருசலேம்ல மறைக்க மாட்டேன். வாசலண்டை உனக்கு இடம் கேட்டியே, அத இப்போதைக்கு மறந்துரு.”

மெசுல்லாம் தலையசைத்தான். முகம் சுண்டித்தான் போயிருந்தது. அண்ணன் தன்னைப் பார்ப்பதை உணர்ந்து, “என்ன பாக்கறீங்க? பேர நடுவுல நிறுத்திட்டுப் பாத்துட்டிருந்தா கறி ஆறிராது?” என்றான்.

பையன் பெலத்தியாவின் தாடியைப் பிடித்து இழுத்தான்.

“யர்கா,” என்றார் மறுபடியும்.

முதலில் மெசுல்லாமின் குரல்தான் கேட்டது. கொஞ்சம் உடைந்த குரல். “அவன் பேர் நிலைக்கட்டும்.” பிறகு தல்மோன். பிறகு முற்றம் முழுவதும். அத்தாயி வந்தான், நாதான் வந்தான், சாபாத் வந்தான். ஒருவர் பின் ஒருவராக இறங்கி எலிசாமாவைத் தாண்டி, பெலத்தியாவின் தகப்பனாரைத் தாண்டி, பெலத்தியாவைத் தாண்டி, அனாயாவுக்கு வந்தபோது செலோமித் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அனாயா சக்காயைப் பெற்றான். அவன் பேர் நிலைக்கட்டும் என்று ஊர் சொன்னது. பையனுக்கு அதற்குள் பசி எடுத்துவிட்டது. மடியிலிருந்து வழுக்கி இறங்கி அம்மாவிடம் ஓடினான்.

வெயில் தாழ்ந்ததும் அக்கூப் புறப்பட்டார். அடுத்த ஊரில் இன்னொரு வீடு காத்திருந்தது. மெசுல்லாம் தன் கழுதையைக் கொடுத்தான். அந்தக் குதிகாலோடு அவரை நடக்கவிட மனம் வரவில்லை. பெலத்தியா உள்ளே வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தார். முற்றத்துப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் திம்னாள்தான்.

கழுதை படலைத் தாண்டியதும் அக்கூப் அதை நிறுத்தினார்.

“ஏம்மா, அந்த எகிப்தியன் பேரு என்ன சொன்னாங்க? வழியில மறந்துரும் போலிருக்கு.”

“யர்கா, ஐயா.”

“யர்கா,” என்றார் அவர். “என்ன செஞ்சாராம் அவர்?”

“ஒண்ணும் செய்யலைங்கய்யா. இந்த வீட்டுல இருந்தார்.”

அக்கூப் அந்தப் பெயரை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிக்கொண்டு கழுதையைத் தட்டினார்.